ஆறாவது ஆளின் ஜாக்கெட்

ஆறாவது ஆள். ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மாற்று ஆளான அவளுக்கு அதுதான் பேர். உள்ளே மற்ற ஐந்து பேரும் போட்டிருக்கும் அதே மினுமினுக்கும் நீல உடை. மேலே கழுத்துவரை ஜிப் ஏற்றிய ஜாக்கெட். இத்தனை நாட்டுக் கொடிகளுக்குக் கீழே, தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டுவதுதான் வேலை. காலையிலேயே கோச் கறாராகச் சொல்லிவிட்டார்: "போட்டி ஆரம்பிச்சுட்டா ஆள மாத்த முடியாது. மூஞ்சிய தூக்கி வச்சுக்காம உக்காரு." இப்போது அவளுடைய அறைத்தோழி, எல்லோரும் அணில் என்று கூப்பிடுகிறவள், வால்ட் மேசையில் கையூன்றி எகிறி, காற்றில் சுழன்று இறங்குகிறாள். முழங்கால் உள்பக்கமாக மடிகிறது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து நீச்சல் அரங்கின் ஆரவாரம் மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது. வழுக்காமலிருக்கப் பூசி, அணில் கையிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் விளக்கொளியில் அவசரமே இல்லாமல் மிதக்கிறது.

ஸ்ட்ரெச்சர் தடுப்பை ஒட்டி வருகிறது. ஆறாவது ஆள் பதறி எழுந்து தோழியின் கையைப் பிடிக்கப் போகிறாள். அப்போதுதான் குனிந்து பார்க்கிறாள். ஜாக்கெட் ஜிப் இடுப்புவரை இறங்கிக் கிடக்கிறது. அதன் நுனி இன்னும் அவள் விரல்களுக்குள். எப்போது இறக்கினாள்? நாலு வருஷம் ஏங்கின பாழாய்ப்போன கை, அவளைக் கேட்காமலே இறக்கியிருக்கிறது. பல்லைக் கடித்தபடி அணில் திரும்புகிறாள். முகத்தைத் தேடிய பார்வை கீழே நழுவி, அந்த நீல மினுமினுப்பில் நிற்கிறது.

"ஜிப்ப ஏத்திக்கோடி," என்கிறாள். "இன்னும் ரொம்ப நேரம் உக்காந்திருக்கணும்ல. குளிரும்."