அழித்த நகல்

இந்த முறையாவது போய்த் தொலையேன், என்று ஐலா திரையிலிருந்த நகலிடம் மனதுக்குள் கெஞ்சினாள்.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி உறைவதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவள் தோழி மாரித், கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்திருந்தாள். மாரித் இறந்த வாரம், ஐலா யாரிடமும் சொல்லாமல் அதைத் தன் கணினிக்கு நகலெடுத்தாள். அதிலிருந்த கட்டுரை ஐலாவின் பெயரில் வெளிவந்தது. நல்ல வேலையும் கிடைத்தது.

அதன்பின் நகலை அழிக்கத்தான் முடியவில்லை. ஐலாவின் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள்; விண்டோஸில் அழித்தால் லினக்ஸில் இருந்தது. அங்கே அழித்துவிட்டு வந்தால், இங்கே இரண்டாக இருந்தது.

இன்று எல்லா நகல்களையும் அவற்றின் கோப்புகளோடு அழித்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஒன்று இருந்தது. திறந்தாள். பழைய கட்டுரைக்குக் கீழே, மாரித் உயிரோடிருந்தபோது எழுதாத இரண்டாம் பாகம் இருந்தது. அவள் இறந்தபின் வந்த இந்தக் குளிர்காலத்தின் பனிக்கட்டி அளவுகளும் அதில் இருந்தன.

பயம் வருவதற்கு முன்பே ஐலாவின் கை அதை நகலெடுக்கப் போய்விட்டது. தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

கைபேசி அடித்தது. துறைத் தலைவர் லோரன்.

"என்ன ஐலா, ரெண்டாம் பாகம் எப்போ? யானைகூட இந்நேரம் குட்டி போட்டிருக்கும்!"

திரையில் அடுத்த வரி எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருந்தது. மாரித் இரண்டு விரலால்தான் தட்டுவாள்.

"முடிச்ச வரைக்குமாவது அனுப்பேம்மா."

"முடியாது லோரன்," என்றாள் ஐலா மெதுவாக. "அவ இன்னும் எழுதிட்டிருக்கா."