ஏழாவது வாய்தா

"ஏம் பூவாயி, இன்னைக்கும் வாய்தாதானா?"

சேலம் கோர்ட் வராந்தாவில் நின்று கமலக்கண்ணன் கேட்டார். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அவர். பூவாயிக்காகச் சாட்சி சொல்ல லீவு போட்டுவிட்டு மலையிறங்கி வந்து, சொல்லாமலே திரும்புவது இது ஏழாவது முறை.

"ஆமாங்க ரைட்டருங்க. நம்ம வக்கீலம்மாவுக்கு வேற கோர்ட்டுல ஒரு கேஸ் இருக்குதாம்." பூவாயி அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள்.

"போன தடவை உனக்குக் காய்ச்சல். அதுக்கு முந்தி ஏதோ நகல் வரலைன்னாங்க. ஜெயிக்கிற கேஸை யாராச்சும் இப்படி இழுப்பாங்களா? அந்த ஆளு கேஸை முடிங்கன்னு துடிக்கிறான், நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடுறீங்க."

அந்த ஆள், பிரபாகர், படியருகே தன் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். பூவாயி வளர்க்கும் வெண்ணிலாவின் அப்பாவுக்குத் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் மலைப்பாதை விபத்தில் அண்ணனும் அண்ணியும் ஒன்றாகப் போனபோது ஓசூரிலிருந்து வந்து, மாலை போட்டுவிட்டு அன்றைக்கே திரும்பியவர். பக்கத்து வீட்டுப் பூவாயிதான் வெண்ணிலாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஆறு மாதம் கழித்து, கரடியூரில் அண்ணன் பெயரில் இருந்த மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தைக் காட்டேஜ் கட்டுகிறவர்கள் விலைக்குக் கேட்டார்கள். அந்த வாரமே பிரபாகர் மனுப் போட்டார். மைனர் பெண்ணுக்குத் தன்னைக் கார்டியனாக நியமிக்க வேண்டும், அவள் நலனுக்காகத் தோட்டத்தை விற்க அனுமதி வேண்டும். வழக்கு முடியும்வரை பெண் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நிலத்தை யாரும் தொடக்கூடாது என்று மட்டும் கோர்ட் சொல்லியிருந்தது.

பிரபாகர் அவர்களைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா? அடுத்ததுதான் கடைசின்னு ஜட்ஜே சொல்லிட்டாங்க. நீ அவளுக்கு என்ன உறவு? பக்கத்து வீட்டுக்காரி. நான் ரத்த சொந்தம். கோர்ட் யார் பக்கம் பேசும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கேட்டியா பேச்சை?" என்றார் கமலக்கண்ணன். "நான் சாட்சி சொல்றேன். ஊரே வந்து சொல்லும். நீ ஏன் பயப்படுற?"

"பயமெல்லாம் நொம்ப இருக்குதுங்க," என்றாள் பூவாயி. "ரத்த சொந்தம்னு அவரு பக்கம் தீர்ப்பாயிட்டா, நம்ம சாட்சியெல்லாம் என்னத்துக்குங்க ஆகும்? எந்திரி சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊட்டுக்குப் போலாம்."

மூன்று வாரம் கழித்து வழக்கு மறுபடி வந்தது. வழக்கம்போல வாய்தா கேட்பார்கள் என்று பிரபாகரின் வக்கீல் முன்கூட்டியே எழுந்தார்.

"மேடம், இனிமே எதிர்த்தரப்புக்கு ஒரு நாள்கூட அவகாசம் தரக்கூடாது."

"எங்களுக்கு அவகாசம் வேண்டாம் மேடம்," என்றார் பூவாயியின் வக்கீல் மலர். "இன்னைக்கே முடிச்சுக்கலாம்."

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார். பிறகு வெண்ணிலாவைக் கூப்பிட்டார்.

"யார்கிட்ட இருக்கணும்னு ஆசைப்படுறே?"

"பூவாயி சின்னம்மாகிட்டங்க. தோட்டத்தை விக்கக் கூடாதுங்க. எங்கப்பா அம்மா வெச்ச செடிங்க."

"மைனர் பொண்ணு மேடம்," என்றார் பிரபாகரின் வக்கீல். "ஆசைப்படுறதை வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. சொந்தச் சித்தப்பா இருக்கும்போது, உறவே இல்லாத ஒருத்தர்கிட்ட எப்படி விடுறது?"

பின்வரிசையில் கமலக்கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மைனர் விஷயத்துல அவர் சொல்றது சட்டப்படி சரிதான் மேடம்," என்று மலர் ஒரு தாளை நீட்டினார்.

நீதிபதி அதைப் படித்தார். மனுவைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"மிஸ்டர் பிரபாகர், மனுவுல பொண்ணோட பிறந்த தேதி போட்டிருக்கீங்களே, அது யார் சொன்னது?"

பிரபாகர் எழுந்து தன் வக்கீலைப் பார்த்தார்.

"பத்தாவது பாஸ் பண்ணின வருஷம் தெரியும் மேடம். அதை வெச்சு... ஒரு தேதியைப் போட்டோம்."

"மூணாவது படிக்கிறப்ப மஞ்சக்காமாலை வந்துதுங்க மேடம்," என்றாள் வெண்ணிலா. "ஒரு வருஷம் ஸ்கூலுக்கே போகலைங்க. அது சின்னம்மாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியாது."

நீதிபதி தாளை மனுவின் மேல் வைத்து மூடினார்.

"இது பிறப்புச் சான்றிதழ். நேத்தோட இவங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே இவங்களுக்குக் கார்டியனே தேவையில்லை, தோட்டத்தை வெச்சிருக்கிறதும் விக்கிறதும் இவங்க இஷ்டம். மனு தள்ளுபடி."