லூசியனின் முறை

நியூ ஆர்லியன்ஸில் எங்கள் ஜாஸ் கிளப்பில் திங்கள் மாலை யாரும் மேடையேறி வாசிக்கலாம். என் கணவர் லூசியன் இறந்த பிறகும், பாட்டின் நடுவே அவர் தனியாக டிரம்பெட் வாசிக்கும் முறை வரும்போது எல்லோரும் வாசிப்பைச் சற்று நிறுத்துவோம். பிறகு சேர்ந்தே தொடர்வோம்.

நேற்று அந்த இடைவெளி முடிந்ததும் நான் பியானோவில் தொடர்ந்தேன். வேறு யாரும் தொடரவில்லை.

"அவசரப்படாத கண்ணு, அவன் இன்னும் முடிக்கலை," என்றார் டிரம்ஸ் வாசிக்கும் ஆல்சைட்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லோருடைய பாதங்களும் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன. பீன்ஸ் சோறு சாப்பிட்டவர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

"உயிரோட இருந்தப்பகூட பய இப்படி வாசிச்சதில்லை. எல்லாம் உனக்காகத்தான்." ஆல்சைட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூச்சை அடக்கிக் கேட்டேன். பாதங்கள் தட்டும் ஓசையும் மின்விசிறிச் சத்தமும் மட்டுமே கேட்டன.

அவர்களுடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டே நானும் தலையாட்டினேன்.