முதல் பரிசு பெற்ற படம்

தெருவோரக் கடையின் நீள பெஞ்சில் சுவரோரமாக மாமியார், அடுத்து நாத்தனார், கடைசியில் நான். எதிரே கேமராவும் கையுமாக என் கணவர் நின்றிருந்தார். குடும்பத்தோடு வெளிநாடு போனது அதுதான் முதல் தடவை.

சூப் வந்தது. கரண்டியை எடுத்தேன்.

"ஏய், வாயில வைக்காதே! அம்மா, நீங்க ரெண்டு பேரும் அந்த மேஜைக்குப் போயிடுங்க."

அவர்கள் தங்கள் கிண்ணங்களோடு எழுந்து போய்ச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

"பசிக்குதுங்க."

"அந்த மூஞ்சியை அப்படியே வச்சுக்க. என்னைப் பார்க்காதே."

"வேற மூஞ்சி எங்க இருக்கு அவகிட்ட?" என்றார் மாமியார், வாய் நிறைய மென்றபடி.

சூப் ஆறி ஏடு கட்டிவிட்டது.

போன வாரம் அந்தப் படம் பத்திரிகையில் முதல் பரிசோடு வந்தது. தலைப்பு: 'யாருமற்றவள்'. கீழே அவருடைய பேட்டி: "அந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. பசியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்."

மாமியார் அதை அக்கம்பக்கத்தில் காட்டிவிட்டு வந்தார்.

நான் ஆசிரியருக்கு எழுதினேன்: "ஐயா, வணக்கம். படத்தில் இருப்பது அவருடைய மனைவியாகிய நான். பேட்டியைத் திருத்தி வெளியிடவும். தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.