பவுடர் தூவிய கார்

"அடுத்த வாரம் ஈப்போவுக்கு மகள்கிட்ட போறேன் தம்பி. திரும்பி வர ஒரு வருஷம் ஆவும். அதுவரைக்கும் காடிக்குள்ள எலி புகாம பண்ணிக் குடு" என்றாள் பிரேமாவதி.

பீடோங்கிலிருந்து வந்த மெக்கானிக் புவனேசன், சட்டி தேய்க்கும் கம்பி நாரால் காரின் ஓட்டைகளையெல்லாம் அடைத்தான்.

"ஏங்க்கா, அண்ணன் ஓட்ட மாட்டாரா?"

"அவரால எங்க தம்பி ஓட்ட முடியும்..."

சர்க்கரை வியாதியில் போன வருஷம் அவள் கணவரின் வலது கால் பெருவிரலை எடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. மேலே கேட்கவில்லை. காருக்குள் முகப்பவுடரைத் தூவினான்.

"இன்னும் எலி வருதுன்னா கால் தடம் தெரியும். பூட்டிருங்க. காலையில பாப்போம்லா."

காலையில் அவளே பூட்டைத் திறந்தாள். எலித் தடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆக்ஸிலேட்டருக்குக் கீழே, பெருவிரல் இல்லாத ஒரு வலது பாதம் பவுடரில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

புவனேசன் சிரித்துவிட்டான். "அண்ணனுக்கு ஆசை விடலக்கா! சாவிய ஒளிச்சு வைங்க, ஓட்டிட்டுப் போயிருவாரு."

பிரேமாவதி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாவி ராத்திரி பூரா என் இடுப்புலதான் இருந்துச்சு தம்பி. நாளைக்கு அவருக்குக் கருமாதி."