இருபது அடி மருமகள்

"இருபது அடிக்கு மேல ஒரு அங்குலம்கூடக் கூடாதாம். மருமகளோட உத்தரவு!"

வெர்னா கைப்பேசியை விற்பனைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ட்ரெய்லர் வீடுகள் அந்த மைதானம் முழுக்க வெள்ளை வெள்ளையாய் வரிசைகட்டி நின்றன.

அவள் மனசோ முப்பத்து நாலு அடி நீளத்தில் நின்ற ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பெரிய கட்டில், நின்று குளிக்க இடம், நாலு அடுப்பு. கணவர் மெல்வின் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் கண்ட கனவு.

"ஏன், இருபதுக்கு மேல போனா என்ன?" என்றார் விற்பனைக்காரர்.

"மகன் போன வருஷம் ஆல்பர்ட்டாவுல வீடு வாங்கினான். நாங்க இன்னும் பார்த்ததுகூட இல்ல. வாசல்ல வண்டி நிறுத்த இருபது அடிதானாம். நடைபாதையில நீட்டினா அபராதமாம். மூணு வாரம் பேத்தியோட இருக்கலாம்னு ஆசைப்பட்டேன், மருமக அளவு நாடாவைக் கையில எடுத்துட்டா. விருந்தாளியை அளந்து கூப்பிடுறவளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"இடம் இல்லாததுக்கு ஷானா என்ன பண்ணுவா, வெர்னா?" என்றார் மெல்வின் மெதுவாக.

"நீ சும்மா இரு, மெல். உனக்கு யார் கேக் சுட்டுக் கொடுத்தாலும் நல்லவங்கதான்."

விற்பனைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நெற்றியில் 19 என்று எழுதியிருந்த ஒரு குட்டி ட்ரெய்லரைத் திறந்து காட்டினார். சாப்பாட்டு மேஜையை மடித்தால் அதுதான் கட்டில். குளியலறையில் உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடித்தது.

"இதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்து நிக்கணும்னா ஒருத்தர் வெளியே போகணும்" என்றாள் வெர்னா.

"நான் போறேன்" என்றார் மெல்வின்.

வாங்கிவிட்டார்கள்.

ஜூலையில், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்திலிருந்து பக்கத்து ஆல்பர்ட்டாவுக்குப் புறப்பட்டார்கள். முதல் இரவு மெல்வினின் தலை மேல் அலமாரியில் நாலு தடவை இடித்தது. ஒவ்வொரு தடவையும் இருட்டுக்குள்ளிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"ஷானாவுக்கு நன்றி சொல்லு."

மறுநாள் பெட்ரோல் போட நின்ற இடத்தில், பக்கத்து ட்ரெய்லர்காரர் பேச்சுக் கொடுத்தார். "எத்தனை அடி?"

"பத்தொன்பது" என்றார் மெல்வின்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முதல் ட்ரெய்லரா? நெத்தியில எழுதியிருக்கிறது வெறும் பெட்டியோட நீளம். முன்னாடி கொக்கிக் கம்பி, பின்னாடி பம்பர் எல்லாம் யார் கணக்கு? அளந்து பாருங்க."

அளந்தார்கள். இருபத்து மூன்று அடி, இரண்டு அங்குலம்.

பத்து மைல் தாண்டித்தான் வெர்னா வாயைத் திறந்தாள். "மூணு அடி நீட்டும். வாசல்லயே நின்னு 'அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லப் போறா. அப்படி ஒரு வார்த்தை அவ வாயில வந்துது, அங்கேயே வண்டியைத் திருப்பு. மூணு வாரமும் வேணாம், மூணு நாளும் வேணாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் காலடியில் இரண்டு ஐஸ் பெட்டிகள். பேத்திக்காக நாலு நாள் உட்கார்ந்து கொழுக்கட்டை மாதிரி மடித்த உருளைக்கிழங்குப் பெரோகி அத்தனையும் அதற்குள் இருந்தன.

மாலை மூன்று மணிக்கு மகன் வீட்டுத் தெரு வந்தது. மெல்வின் பின்னோக்கி வண்டியை விட, வெர்னா நடைபாதையில் நின்று கையை ஆட்டினாள்.

"இடது பக்கம்! என் இடது இல்ல மெல், உன் இடது!"

தெருவே நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பீரோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ட்ரெய்லர் உள்ளே போனது. இன்னும் போனது. போய்க்கொண்டே இருந்தது. பின்னாலேயே மெல்வினின் பிக்கப் வண்டியும் முழுசாக உள்ளே போய் நின்றது. அப்போதும் நடைபாதை நாலு அடி தள்ளித்தான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். வெர்னா தட்டவில்லை. வண்டியிலிருந்து நாடாவை எடுத்து, ஒரு முனையை மெல்வின் கையில் திணித்து, வாசலை அளந்தாள்.

அடுப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஷானா ஓடிவந்தாள். அவளை முந்திக்கொண்டு வந்த பேத்தி தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"நாற்பத்தாறு அடி, ஷானா." வெர்னா நாடாவை நீட்டிக் காட்டினாள். "நாங்க வர்றது பிடிக்கலன்னா பிடிக்கலன்னே சொல்லியிருக்கலாம். எதுக்கும்மா பொய்?"

ஷானாவின் பின்னாலேயே வந்த மகன் கிரெக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஷானா முகம் சிவக்க, கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"பொய்தான், வெர்னா. மன்னிச்சிடுங்க. போன வருஷம் எங்க அம்மா வந்தாங்க, முப்பத்தாறு அடி ட்ரெய்லர்ல. அதுக்குள்ளயே சமையல், அதுக்குள்ளயே டிவி, அதுக்குள்ளயே தூக்கம். பத்து நாள் இதே வாசல்ல குடித்தனம் பண்ணிட்டு, என் மேஜையில ஒரு வேளைகூடச் சாப்பிடாம கையாட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதுக்கும் எங்க இருபது அடிக்கும் என்ன சம்பந்தம்?"

ஷானா திரும்பி, திறந்திருந்த கதவைக் காட்டினாள். உள்ளே, முன்னறையில், புதுப் போர்வை விரித்த பெரிய கட்டில் ஒன்று தெரிந்தது.

"நீங்களாவது வீட்டுக்குள்ள வந்து தங்கணும்னு ஆசை. அதான், ரெண்டு பேர் நிம்மதியாத் தூங்கவே முடியாத அளவு எதுன்னு கடை கடையா ஏறி இறங்கிப் பார்த்துட்டு, இருபதுன்னு சொன்னேன்!"