மணிச் சத்தம்

"யார்டு இன்னா அமெரிக்காவுலயா கீது? ரெண்டு கிலோமீட்டர். சைக்கிள்ல போய்யா" என்றாள் ஜானட்.

"எண்ணூர் ரோட்ல சைக்கிளா? ட்ரெய்லர்காரன் அடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பான்" என்றான் அவள் கணவன் நோயல்.

"நான் தெனம் அதே ரோட்லதான கம்பெனிக்குப் போறேன்?"

"உனுக்கு தில்லு ஜாஸ்தி. எனுக்கு ஷேர் ஆட்டோ போதும்."

"ஆட்டோவுல போய்ப் போய்த்தான் தொப்பை போட்டுக்கீது. இன்னிக்கி எனுக்கு லீவு. என் சைக்கிள எட்துகினு ஒரே ஒரு நாள் போ."

நோயல் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

யார்டு வாசலில் இறங்கியபோது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வாட்ச்மேன் தாமஸ் கேட்டார். "இன்னா நைனா, பேயப் பாத்தியா?"

"டிரைவருங்களா அவனுங்க? எவ்ளோ பெல் அடிச்சாலும் காதுல வுழல. லெப்ட்ல ஆள் கீதான்னு பாக்கறதேயில்ல. எம் பொண்டாட்டி தெனம் எப்டித்தான் போறாளோ!"

தாமஸ் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். "லோடு ஏத்தியாச்சு. உன் வண்டிய எடு."

நாற்பதடி கன்டெய்னர் ட்ரெய்லரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான் நோயல்.

ரோட்டில் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் திரும்பும் முன், வழக்கமில்லாத வழக்கமாக அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். கேபினுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை.

பிரேக்கை மிதித்து, அவள் தாண்டிப் போகும்வரை காத்திருந்தான். ஜானட் அனுப்பியது தொப்பைக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"கில்லாடிதான்டி நீ" என்றான், காலியாக இருந்த கண்ணாடியைப் பார்த்து.